வாடிக்கையாளரை அறிதல்

நுழையும்முன்

அங்காடியில் பணம் செலுத்தும்பொழுது, "அலைபேசி எண் என்ன?" என்று கேட்கின்றனர். அவ்வெண்ணைக் கொண்டு அங்காடி என்ன செய்கிறது? அதனால் வணிகம் எவ்வாறு வளர்கிறது? இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

மாணவர்களே! வணிகருக்கு இருவகைக் கணக்குகள் உண்டு. எப்பொருள் எவ்வளவு விற்றது என்பது முதல் வகை. யார், எப்பொழுது, எவற்றைச் சேர்த்து வாங்கினார் என்பது இரண்டாம் வகை. இரண்டாவதையே 'வாடிக்கையாளர் தரவு' என்பர். அத்தரவைத் தொகுத்து ஆராய்ந்து, வாடிக்கையாளரின் தேவையறிந்து நடந்து, அவர் தொடர்ந்து வருமாறு செய்யும் முறைக்கு 'வாடிக்கையாளர் உறவு மேலாண்மை' என்று பெயர். சிறுகடைக்காரர் இவற்றைத் தம் நினைவிலேயே வைத்திருப்பார். பல்லாயிரவர் வந்துசெல்லும் அங்காடிக்குக் கணினியின் துணை வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வடமாநில நகரொன்றில் ஒரு மளிகைக் கடை இருப்பதாகக் கொள்வோம். அங்கே மாதந்தோறும் 1,000 கிலோ கோதுமை மாவு விற்கிறது. இட்லி அரிசியோ 40 கிலோதான். கிலோ 60 ரூபாய் எனில், அரிசியால் வருவது 2,400 ரூபாய். "இடத்தை அடைக்கும் இப்பொருள் இனி வேண்டா" என்று கடைக்காரர் எண்ணுகிறார். முதல் வகைக் கணக்கை மட்டும் பார்த்தால் அவர் எண்ணியது சரியே.

இரண்டாம் வகைக் கணக்கோ வேறொன்றைக் காட்டுகிறது. அந்த 40 கிலோவையும் வாங்குவோர் எட்டுக் குடும்பத்தினர். குடும்பத்திற்கு 5 கிலோ. இட்லி அரிசியோடு உளுந்து, துவரம்பருப்பு, நல்லெண்ணெய், சோப்பு என மாதம் 6,000 ரூபாய்க்கு அவர்கள் ஒவ்வொருவரும் சரக்கு வாங்குகின்றனர். மொத்தம் 48,000 ரூபாய். இட்லி அரிசி கிடைக்காவிடில் அவர்கள் வேறு கடையை நாடுவர். பிற பொருள்களையும் அங்கேயே வாங்கிவிடுவர். 2,400 ரூபாய்ப் பொருளை நீக்கப் போய், 48,000 ரூபாய் வணிகத்தை இழக்க நேரிடும். குறைவாக விற்கும் பொருளெல்லாம் தேவையற்ற பொருள் அன்று என்பதைக் கடைக்காரர் இப்பொழுது உணர்வார்.

இம்முறையைப் பேரளவில் செய்துகாட்டிய நிறுவனங்களுள் ஒன்று பிரிட்டனின் டெஸ்கோ. 1995-ஆம் ஆண்டு அது 'கிளப்கார்டு' என்னும் அட்டையை நாடெங்கும் அறிமுகப்படுத்தியது. பொருள் வாங்குவோருக்குப் புள்ளிகள் வழங்கப்பட்டன. அப்புள்ளிகளுக்கு ஈடாகத் தள்ளுபடிச் சீட்டுகள் வீடு தேடி வந்தன. யார் எவற்றை வாங்குகின்றனர் என்னும் தரவு நிறுவனத்திற்குக் கிடைத்தது.

1999-இல் அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம், டெஸ்கோவின் போட்டி நிறுவனமான ஆஸ்டாவை வாங்கியது. விலைப்போட்டியை எதிர்கொள்ள எப்பொருளின் விலையைக் குறைப்பது என்னும் வினா எழுந்தது. வாழைப்பழத்தைச் செல்வரும் எளியோரும் வாங்குவர். ஆகவே அதன் விலைக்குறைப்பு, விலை பார்த்து வாங்குவோரைத் தனியே சென்றடையாது. அத்தகையோர் வழக்கமாக வாங்கும் பொருள்கள் எவை என்று டெஸ்கோ தன் தரவில் தேடியது. மலிவு விலை மார்கரின் போன்றவை தென்பட்டன. அவற்றின் விலையைக் குறைத்தது. தேவைப்பட்டோருக்கு உதவி கிட்டியது. கடையும் அவர்களைத் தக்கவைத்துக்கொள்ள முயன்றது.

எனினும், தரவு கடையின் கணினியில் இருந்தாலும், அது வாடிக்கையாளரைப் பற்றியது. ஒரு நோக்கத்திற்காகப் பெற்ற எண்ணைப் பிறருக்கு விற்றால், வேண்டாத அழைப்புகள் பெருகும், நம்பிக்கை குலையும். நம்பிக்கை குலைந்தபின் தரவு எவ்வளவு இருந்தும் பயனில்லை. அலைபேசி எண் தருமாறு வாடிக்கையாளரைக் கடைகள் வற்புறுத்தலாகாது என நடுவண் அரசின் நுகர்வோர் நலத்துறை 2023 மே மாதத்தில் அறிவுறுத்தியது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைப் பெற ஒப்புதல் வேண்டும் என்கிறது. 18 வயது நிரம்பாதோர் எனில், பெற்றோரின் ஒப்புதல் தேவை என்றும் கூறுகிறது.

ஆகவே, எண்ணைக் கேட்டால், "எதற்காக?" என்று பணிவுடன் வினவுங்கள். நாளை நீங்களே வணிகரானால், அவ்வினாவிற்கு நேர்மையான விடை வைத்திருங்கள்.

சொற்பொருள்

அங்காடி – கடை
தரவு – தொகுத்து வைத்த தகவல்
எண்ணிம – கணினிவழிப்பட்ட
நடுவண் – மத்திய
ஒப்புதல் – இசைவு

எண்ணி விடையளிக்க

1. இட்லி அரிசியை நீக்கலாம் என்று கடைக்காரர் முதலில் எண்ணியது ஏன்?
2. வாழைப்பழத்தின் விலையைக் குறைப்பது ஏன் போதாது?
3. 'எட்டுக் குடும்பம்' – இதில் ஒற்று மிகுந்துள்ளது. இத்தகைய வேறு இரண்டு சொற்றொடர்களைப் பாடத்திலிருந்து எடுத்தெழுதுக.

செயல்பாடு

உங்கள் வீட்டின் ஒரு மாத மளிகைச் சீட்டுகளைப் பெற்றோரின் ஒப்புதலோடு தொகுக்கவும். அவற்றைப் பார்க்கும் கடைக்காரர் உங்கள் குடும்பத்தைப் பற்றி எவற்றை அறிய முடியும்? எவற்றை அறிய முடியாது? ஐந்து வரிகளில் எழுதுக.