நம் வாயிலருகே நிகழ்ந்த போர்

வகுப்பு முடிந்தபின் ரிட்ஜ் எனப்படும் காட்டுமேட்டில் உலாவச் செல்லும் நம் மாணவர் பலர். அங்குள்ள கொடிமேடைக் கோபுரத்தின் நிழலில் அமர்ந்து நிலக்கடலை கொறிப்போரும் உளர். ஆனால் அந்தக் கோபுரத்தின் கதை யாதெனக் கேட்டால் விடை கூறுவோர் மிகச் சிலரே. பானிப்பட்டுப் போர்கள் மூன்றையும் ஆண்டு பிறழாமல் ஒப்பிக்கும் நாம், நம் விடுதிகளுக்கு அருகிலேயே நிகழ்ந்த போரை அறியாதிருப்பது வியப்பே. ஆதலின் 1857-ஆம் ஆண்டுத் தில்லிப் போரை இடங்களின் வழியே இங்குக் காண்போம்.

அதனைச் 'சிப்பாய்க் கலகம்' என்பார் ஒரு சாரார்; 'முதல் சுதந்திரப் போர்' என்பார் மற்றொரு சாரார். 1806 ஜூலை 10-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததை அறிந்த தமிழர்க்கு 'முதல்' என்னும் சொல் சற்றே உறுத்தத்தான் செய்யும். பெயர் எதுவாயினும் ஆகுக, நிகழ்ந்ததைப் பார்ப்போம்.

மே 10-இல் மீரட்டில் எழுந்த சிப்பாய்கள் மறுநாட் காலை யமுனையின் படகுப் பாலத்தைக் கடந்து தில்லி புகுந்தனர். எண்பது வயது கடந்த கவிஞரான பகதூர் ஷா அவர்களுக்குத் தலைவரானார். ஆக்கப்பட்டார் என்பதே பொருந்தும். நகரிலிருந்து தப்பிய ஆங்கிலக் குடும்பங்கள் நம் கொடிமேடைக் கோபுரத்தில் கூடி, மீரட்டிலிருந்து உதவி வருமென மாலைவரை காத்திருந்தன. உதவி வரவில்லை. பிறகு அவர்கள் கர்னாலை நோக்கி ஓடினர்.

முதற் பெரும்போர் ஜூன் 8-இல், ஆசாத்பூர்ப் பக்கமுள்ள பாத்லி-கி-சராயில் நடந்தது. பஞ்சாபிலிருந்து வரும் பெருவழியை மறித்துச் சிப்பாய்கள் பீரங்கிகளை நிறுத்தியிருந்தனர். பர்னார்டு என்னும் படைத்தலைவர் முன்னிருந்து தாக்க, குதிரைப்படை சுற்றிவந்து பின்புறம் தோன்றியது. சிப்பாய்கள் நகருக்குப் பின்வாங்கினர். அன்றே ஆங்கிலேயர் ரிட்ஜையும் கைப்பற்றிவிட்டனர். என் கருத்தில், இப்போரில் தில்லி இழந்தவற்றுள் இதுவே பேரிழப்பு.

ஏனெனில், நகரை விட ஏறத்தாழ அறுபது அடி உயர்ந்த அந்த மேட்டிலிருந்து வடக்கு மதில் முழுதும் கண்ணுக்குத் தெரியும். பின்புறத்திலோ பஞ்சாப் வழி திறந்தே கிடந்தது. உணவும் ஆளும் வெடிமருந்தும் அவ்வழியே வந்தன. ஆயினும் அங்கிருந்தோர் தொடக்கத்தில் ஏறத்தாழ 3,000 பேரே. ஏழு மைல் சுற்றளவுள்ள மதிலை அவர்களால் வளைக்க இயலுமா? தில்லியின் தெற்கு வாயில்களும் படகுப் பாலமும் இறுதிவரை திறந்தேயிருந்தன. முற்றுகையிட்டவர் யார், முற்றுகையிடப்பட்டவர் யார் என்று ஐயுறும் நிலை அது. காலராவும் விடவில்லை, பர்னார்டே ஜூலை 5-இல் அந்நோயால் மாண்டார்.

அப்படியிருந்தும் சிப்பாய்கள் மேட்டை மீட்க இயலாதது எதனால்? வீரக்குறையால் அன்று. பிளாசிப் போரின் நூறாம் ஆண்டு நாளாகிய ஜூன் 23-இல், இன்று ஹிந்து ராவ் மருத்துவமனை உள்ள இடத்தின்மீது நாள் முழுதும் மோதினர். ஆனால் புதிதாக வந்த ஒவ்வொரு படைப்பிரிவும் தனித்தனியே தாக்கித் தனித்தனியே திரும்பியது. ஜூலைத் தொடக்கத்தில் பரேலிப் படையுடன் வந்த பக்த் கான், பீரங்கிப் படையில் நெடுநாள் பணியாற்றிய சுபேதார். அவருக்குத் தலைமை தரப்பட்டதை அரசர் மகன் மிர்சா முகல் விரும்பவில்லை. சிப்பாய்களுக்குச் சம்பளமில்லை, வணிகரிடம் பணம் பறிக்கவே நகரமக்களும் வெறுப்புற்றனர். போதாக்குறைக்கு ஆகஸ்ட் 7-இல் வெடிமருந்துச் சாலையே வெடித்துச் சிதறியது.

ஆகஸ்ட் 25-ஆம் நாள் நஜஃப்கர்ப் போரைப் பாடநூல்கள் ஒருவரியில் கடந்துவிடும். முடிவு அங்கேதான் எழுதப்பட்டது. பெரும்பீரங்கிகள் ஃபிரோஸ்பூரிலிருந்து மாட்டுவண்டிகளில் வந்துகொண்டிருந்தன. அவற்றை வழியிலேயே மடக்கப் பக்த் கான் புறப்பட்டார். திட்டம் மிகச் சரியானது. ஆனால் அவருடைய பரேலிப் படையும் நீமச் படையும் ஒன்றுபடவில்லை. மழைச் சேற்றில் விரைந்துவந்த நிக்கல்சன் நீமச் படையைத் தனியே முறியடித்தார். பரேலிப் படை துணைக்கு வரவில்லை. செப்டம்பர்த் தொடக்கத்தில் பீரங்கிகள் ரிட்ஜை அடைந்தன.

செப்டம்பர் 14-இல் காஷ்மீரி வாயில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. உட்புகுந்தோர் எளிதில் வென்றார் என எண்ணற்க. கிஷன்கஞ்சு வழியே வந்த பிரிவு முறியடிக்கப்பட்டது. குறுகிய சந்து ஒன்றில் நிக்கல்சன் குண்டடிபட்டு, ஒன்பது நாளில் இறந்தார். அன்று ஒருநாளில் மட்டும் இறந்தும் காயமுற்றும் வீழ்ந்தோர் ஆங்கிலேயர் பக்கத்தில் 1,100-க்கு மேல். தலைவர் வில்சன், மீண்டும் மேட்டுக்கே பின்வாங்கலாமா என்று தயங்கினார்! அந்த இரவில் நகருக்குள் ஒரே தலைமை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை. தெருத்தெருவாகப் போரிட்டு 20-இல் அரண்மனை பிடிபட்டது. மறுநாள் ஹுமாயூன் கல்லறையில் அரசர் சரணடைந்தார்.

மற்றொன்றையும் மறைக்கலாகாது. மதிலைத் தாக்கிய படையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இந்தியரே: சீக்கியர், பஞ்சாபியர், பட்டாணியர், அவர்களோடு கூர்க்கரும். சென்னைப் படையும் பெரும்பாலும் அமைதியாகவே இருந்தது.

காஷ்மீரி வாயிலில் குண்டு பாய்ந்த வடுக்களை இன்றும் காணலாம். ராணி ஜான்சி சாலையில் 1863-இல் ஆங்கிலேயர் எழுப்பிய நினைவுக் கோபுரத்துக்கு 1972-இல் அஜீத்கர் எனப் பெயர் மாற்றப்பட்டது. அதன் பழங்கல்வெட்டில் 'பகைவர்' எனப்பட்டோர் விடுதலைக்குப் போரிட்டவரே என்று புதிய பலகை ஒன்று கூறுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

பகைவர் எனப்பட்ட அவர்கள் எழுதிய ஆணைகளும் முறையீடுகளும் உருதுவிலும் பாரசீகத்திலும் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆயிரக்கணக்கில் உள்ளன. நம் சங்கத்தில் உருது பயில்வோர் எவரேனும் இருப்பின், அவற்றுள் ஒருசிலவற்றையாவது தமிழில் பெயர்த்து அடுத்த இதழுக்குத் தருவாராக.