பயிற்சி டாக்டரின் புராஜெக்ட்டில் சிக்கிய வயிற்றுக் கிருமி

வீட்டில் யாராவது 'வயிறு எரியுது' என்றால் நாம் உடனே என்ன சொல்வோம்? 'காலையில டிபன் சாப்பிடாம ஆபீசுக்கு ஓடினே இல்ல... அதான் அல்சர்!' பாட்டி இருந்தால், 'ஊறுகாயைக் குறைடான்னா கேக்கறியா?' என்பார். பக்கத்து வீட்டு மாமி, 'டென்ஷன் ஆகாதீங்க, எல்லாம் அதனாலதான்' என்பார். ஒரு டம்ளர் ஆறின பால், ஒரு ஜெலுசில். பிரச்னை தீர்ந்தது!

தீர்ந்ததா? நாலு நாள் கழித்து மறுபடி எரிகிறது. இப்படியே பத்து, பதினைந்து வருஷம் ஓட்டியவர்களை உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பட்டினி, காரம், கவலை என்ற இந்த மூன்று காரணங்களையும் பாட்டி மட்டும் சொல்லவில்லை. 1980-களின் தொடக்கம் வரை மருத்துவப் புத்தகங்களும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. வயிற்றில் அமிலம் அதிகம், அமிலம் அதிகமாகக் கவலையும் சாப்பாடும் காரணம், அதனால் அமிலத்தைக் குறை. இதுதான் அன்றைய பாடம். மாத்திரை கேட்கவில்லையென்றால் ஆபரேஷன். அமிலத்தைத் தூண்டும் நரம்பை வெட்டுவார்கள், சிலருக்கு இரைப்பையில் ஒரு பகுதியையே எடுத்துவிடுவார்கள். உங்கள் தாத்தா, பெரியப்பா வயதுக்காரர்கள் சிலர் வயிற்றின் நடுவே நெடுக்காக ஒரு தழும்போடு இருப்பார்களே, விசாரித்துப் பாருங்கள்.

இந்தப் பாடத்தைத் திருத்தி எழுதியது, மேற்படிப்புப் பயிற்சியில் இருந்த ஒரு இளம் டாக்டர் செய்த புராஜெக்ட்! உங்கள் பிள்ளை காலேஜில் 'புராஜெக்ட் இருக்கும்மா' என்று ராத்திரியெல்லாம் கண் விழிக்கும்போது, 'இதெல்லாம் மார்க்குக்குத்தானே' என்று நினைத்திருப்பீர்கள். இதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

மைக்ராஸ்கோப்பில் தெரிந்த சுருள்

இடம், மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள பெர்த் நகரம். அங்கே ராயல் பெர்த் மருத்துவமனையில் நோய்க்குறியியல் நிபுணராக இருந்தவர் டாக்டர் ராபின் வாரன். நோயாளிகளின் இரைப்பையிலிருந்து கிள்ளியெடுத்த சதைத் துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது அவர் வேலை. 1979-ல் ஒரு நாள், அப்படி ஒரு துணுக்கின் மேல் வளைந்த வளைந்த கிருமிகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது இன்னும் தெளிவாகத் தெரிந்தன. கிருமி இருந்த இடங்களிலெல்லாம் இரைப்பைச் சவ்வு அழற்சியோடு வீங்கியும் இருந்தது.

சக டாக்டர்கள் நம்பவில்லை. இரும்பையே அரிக்கக்கூடிய அமிலம் ஊறும் இடத்தில் கிருமி எப்படி உயிரோடு இருக்கும்? 'வெளியிலிருந்து ஒட்டியிருக்கும்' என்று விட்டுவிட்டார்கள். வாரன் விடவில்லை. இரண்டு வருஷம் தனியாகவே துணுக்குகளைச் சேர்த்துக்கொண்டு வந்தார்.

1981-ல் அதே மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வந்தார் பாரி மார்ஷல். வயது 30. பயிற்சியின்போது ஏதாவது ஆராய்ச்சி செய்தாக வேண்டும். என்ன தலைப்பு என்று குடல்நோய்ப் பிரிவின் தலைவரிடம் கேட்டார். 'கீழே வாரன்னு ஒருத்தர் இருக்கார், வயிற்றில் கிருமி இருக்குங்கறார். போய்ப் பார்' என்ற மாதிரி பதில் வந்தது. வாரன் சேர்த்து வைத்திருந்த நோயாளிகள் பட்டியலையும் கையில் கொடுத்தார்கள்.

அந்தப் பட்டியலில் மார்ஷலுக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. தீராத வயிற்று வலியோடு அவர் வார்டுக்கு வந்தவர். எல்லா டெஸ்டும் எடுத்தும் எதுவும் பிடிபடாததால் 'மனசுதான் காரணம்' என்று மனநல டாக்டரிடம் அனுப்பப்பட்டவர். அவர் வயிற்றில் கிருமியும் அழற்சியும் இருந்தன! 'உனக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான்' என்று நம் வீடுகளில் எத்தனை பெண்களின் வலியை ஒதுக்கிவிடுகிறோம்? அதை நினைத்தால் இந்த ஒரு விஷயமே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஈஸ்டர் லீவு செய்த உபகாரம்

சந்தேகம் வந்தால் போதாதே, நிரூபிக்க வேண்டும். 1982-ல் இருவரும் 100 நோயாளிகளை வைத்து ஆய்வைத் தொடங்கினார்கள். எண்டோஸ்கோபி செய்து சதைத் துணுக்கு எடுப்பது, ஒரு பாதியை வாரன் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, மறு பாதியை லேபில் வளர்த்துப் பார்ப்பது. எந்த நோயாளிக்கு எண்டோஸ்கோபியில் என்ன தெரிந்தது என்பது வாரனுக்குத் தெரியாது. முன்கூட்டியே தெரிந்தால் கண் நினைத்ததைத்தான் பார்க்கும் என்பதற்காக இப்படி ஏற்பாடு. நல்ல ஆராய்ச்சிக்கு இது அடிப்படை.

மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரிகிறது. தட்டில் மட்டும் வளரவே மாட்டேன் என்கிறது! முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் துணுக்குகள் வீணாகப் போயின. தொண்டைச் சளியை வளர்த்துப் பார்ப்பது போலவே இதையும் செய்தார்கள். இரண்டு நாள் பார்ப்பார்கள், ஒன்றும் வளரவில்லையென்றால் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

ஏப்ரல் மாதம் ஈஸ்டர் லீவு வந்தது. லேபில் வேறு அவசர வேலையும் சேர்ந்துகொள்ள, தட்டுகளை யாரும் கவனிக்கவில்லை. லீவு முடிந்து ஐந்தாம் நாள் எடுத்துப் பார்த்தால், தட்டு நிறைய கிருமிக் கூட்டம்! மெதுவாக வளரும் ஜாதி, அவ்வளவுதான். நம் வீட்டில் தோசை மாவு குளிர்காலத்தில் ஒரு ராத்திரியில் பொங்கவில்லை என்று கீழே கொட்டிவிடுகிறோமா? இன்னும் நாலு மணி நேரம் வைக்கிறோம். அந்தப் பொறுமை லேபில் இல்லாமல் போயிருந்தது.

முடிவு என்ன தெரியுமா? முன்சிறுகுடலில் புண் இருந்த 13 பேரிடமும் கிருமி. ஒருவர்கூட விதிவிலக்கில்லை. இரைப்பையில் புண் இருந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேரிடம் கிருமி. இன்று அதற்குப் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. சுருக்கமாக எச். பைலோரி.

அமிலத்தில் அது எப்படிப் பிழைக்கிறது? வயலுக்குப் போடுகிறோமே யூரியா, அது நம் உடம்பிலும் கொஞ்சம் உண்டு. இந்தக் கிருமி யூரியேஸ் என்ற நொதியைச் சுரந்து அந்த யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. அம்மோனியா அமிலத்தை முறிக்கிறது. தன்னைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வளையம் போட்டுக்கொண்டு, சுருள் வடிவத்தால் திருகாணி போலக் கோழைப் படலத்துக்குள் நுழைந்து உட்கார்ந்துவிடுகிறது. பலமான ஆள்தான்!

கிருமியைக் குடித்த டாக்டர்

ஆனாலும் உலகம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆஸ்திரேலியக் குடல்நோய் மருத்துவர்களின் மாநாட்டிலேயே 1983-ல் இவர்கள் கட்டுரைக்கு இடம் கிடைக்கவில்லை. 'புண் இருக்கும் இடத்தில் கிருமி குடியேறியிருக்கலாம். கிருமிதான் நோயை உண்டாக்கியது என்பதற்கு என்ன ஆதாரம்?' என்றார்கள். நியாயமான கேள்விதான். கிரீஸ் நாட்டில் ஜான் லிகூடிஸ் என்ற டாக்டர் 1958-லிருந்தே ஆன்டிபயாடிக் கொடுத்து அல்சரைக் குணப்படுத்தி வந்தார். முறையான ஆராய்ச்சி ஆதாரம் கையில் இல்லாததால் அவர் பேச்சு எடுபடவில்லை. அபராதம் கட்டியதுதான் மிச்சம்.

மார்ஷல் பன்றிக் குட்டிகளுக்குக் கிருமியைக் கொடுத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. 1984-ல் ஒரு முடிவெடுத்தார். முதலில் தனக்கே எண்டோஸ்கோபி செய்து வயிறு சுத்தமாக இருப்பதை உறுதி செய்துகொண்டார். பிறகு லேபில் வளர்த்த கிருமிக் கரைசலை மடமடவென்று குடித்துவிட்டார்! மனைவியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. (சொல்லியிருந்தால் குடித்திருக்க முடியுமா?)

சில நாட்களில் குமட்டல். காலையில் எழுந்தால் வாந்தி. வாய் நாறுவதாக வீட்டில் சொன்னார்கள். மறுபடி எண்டோஸ்கோபி செய்தபோது, சுத்தமாக இருந்த இரைப்பை முழுக்க அழற்சி, அதில் கிருமி. பிறகு ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டார். கவனியுங்கள், அவருக்குப் புண் வரவில்லை, அழற்சிதான் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதினார். யாரும் இதைப் பின்பற்றிவிடாதீர்கள்!

அதைவிட முக்கியமான ஆதாரம் 1988-ல் 'லான்செட்' இதழில் வந்தது. முன்சிறுகுடல் புண் உள்ள 100 பேரிடம் நடந்த ஆய்வு. சிகிச்சைக்குப் பிறகும் கிருமி தங்கியிருந்தவர்களில் 84 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்துக்குள் புண் திரும்ப வந்தது. கிருமி ஒழிந்தவர்களில் 21 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. மாத்திரையை நிறுத்தியதும் எரிச்சல் ஏன் திரும்பியது என்பது இப்போது புரிகிறதல்லவா? அமிலத்தை அடக்கினோம், கிருமியை விட்டுவிட்டோம்.

1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, இரைப்பைப் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகள் பட்டியலில் இதைச் சேர்த்தது. 2005-ல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வாரன் 2024-ல் காலமானார்.

சரி, உங்கள் வயிற்றுக்கு வருவோம்

'அப்ப எனக்கும் இந்தக் கிருமி இருக்குமா?' இருக்கலாம். நம் நாட்டில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது. பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே, வாய் வழியாகத் தொற்றிவிடுகிறது. ஆனால் பயப்படாதீர்கள். கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுசு முழுக்க ஒரு தொந்தரவும் வராது. பத்துப் பேரில் ஒருவர் அல்லது இருவருக்குத்தான் புண் வருகிறது. எனவே ஒரு தொல்லையும் இல்லாத வீட்டில் எல்லோரையும் லேபுக்கு இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம். அல்சர் என்று உறுதியானவர்கள், அப்பா அம்மா கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்கள், இருதயத்துக்காக நீண்ட காலம் ஆஸ்பிரின் சாப்பிட வேண்டியவர்கள், இவர்கள் டாக்டரிடம் கேட்டு டெஸ்ட் செய்துகொள்வது நல்லது.

இன்னொன்று. எரிச்சல் எல்லாமே அல்சர் இல்லை. நாம் 'அல்சர்' என்று சொல்வதில் பாதி, அமிலம் மேலே எதுக்களிப்பதும் வெறும் அஜீரணமும்தான். புண் இருக்கிறதா என்பதை எண்டோஸ்கோபிதான் சொல்லும்.

பாட்டி சொன்ன பட்டினி? முன்சிறுகுடல் புண் வெறும் வயிற்றில் வலிக்கும், சாப்பிட்டால் அடங்கும். அதனால் பட்டினிதான் புண்ணை உண்டாக்கியது என்று நினைத்துவிட்டோம். காரம் எரிச்சலைக் கூட்டலாம், புண்ணை உருவாக்காது. பால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், பிறகு அமிலச் சுரப்பை அதுவே தூண்டிவிடும். சிகரெட் மட்டும் நிஜமான எதிரி. புண் வரும் வாய்ப்பைக் கூட்டும், வந்ததை ஆறவும் விடாது.

கிருமிக்கு அடுத்த பெரிய காரணம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிறோமே, டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் ஜாதி மாத்திரைகள், அவை இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தையே பலவீனமாக்குகின்றன. மாமியாரின் முழங்கால் வலிக்கு மாசக்கணக்கில் இவற்றை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆனால் இருதயத்துக்காக டாக்டர் எழுதிய ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. அது ஆபத்து.

தார் மாதிரி கருப்பாக மலம் போனால், ரத்த வாந்தி எடுத்தால், தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.) காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்க முடியாமல் போவது, ரத்தசோகை, அறுபதை நெருங்கிய வயதில் புதிதாக வயிற்றுத் தொல்லை, இவற்றுக்கெல்லாம் ஜெலுசில் வைத்தியம் கூடாது.

டெஸ்ட் மூன்று விதம். எண்டோஸ்கோபி செய்யும்போதே துணுக்கு எடுத்துப் பார்ப்பது ஒன்று. மலத்தைப் பரிசோதிப்பது இன்னொன்று. மூன்றாவது, ஊதும் டெஸ்ட். அடையாளமிட்ட யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, பிறகு மூச்சை ஊதச் சொல்வார்கள். கிருமி இருந்தால் யூரியாவை உடைக்கும், அது மூச்சில் தெரிந்துவிடும். அமிலம் குறைக்கும் ஓமெப்ரசோல், பான்டோபிரசோல் மாதிரி மாத்திரைகளை டெஸ்டுக்கு இரண்டு வாரம் முன்பும், ஆன்டிபயாடிக்கை நாலு வாரம் முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி ஒளிந்துகொண்டு 'இல்லை' என்று ரிப்போர்ட் வரலாம். எப்போது நிறுத்துவது என்பதை டெஸ்ட் எழுதிக்கொடுக்கும் டாக்டரிடமே கேளுங்கள்.

கிருமி இருந்தால் அமிலம் குறைக்கும் மாத்திரையோடு இரண்டு, சில சமயம் மூன்று மருந்துகள் சேர்த்து, பெரும்பாலும் 14 நாள் கொடுப்பார்கள். வாய் கசக்கும், இரும்பை நக்கியது போல இருக்கும், வயிறு கொஞ்சம் இளகும். நாலாம் நாள் எரிச்சல் போனதும் 'சரியாயிடுச்சே' என்று நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். அரைகுறையாக அடிபட்ட கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்கிறது. நம் நாட்டில் இந்தக் கிருமி சில ஆன்டிபயாடிக்குகளுக்கு ஏற்கெனவே அசைந்து கொடுப்பதில்லை. அதனால் யாருக்கோ எழுதிய பழைய சீட்டை வைத்து வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

கோர்ஸ் முடிந்து நாலு வாரமாவது கழித்து, ஊதும் டெஸ்ட்டோ மல டெஸ்ட்டோ இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். எரிச்சல் நின்றுவிட்டது என்பதால் கிருமி ஒழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த இரண்டாவது டெஸ்ட்டைப் பெரும்பாலோர் செலவு என்று தவிர்த்துவிடுகிறார்கள். டாக்டர் மறந்தாலும் நீங்கள் கேட்டு வாங்குங்கள்.