சேர்ந்து ஊழியம் செய்ய வருகிறவர்களுக்கு



சபை ஊழியத்துக்கும் மிஷனெரிப் பணிக்கும் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஊழியத்தை விட்டுப் போனவர்கள் பலரை எனக்குத் தெரியும். வெயிலுக்கும் வறுமைக்கும் எதிர்ப்புக்கும் பயந்து போனவர்கள் அவர்களில் குறைவு. கூட வேலை செய்தவரோடு ஒத்துப்போக முடியாமல் போனவர்களே அதிகம். வேதாகமக் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் படித்திருப்பீர்கள். உடன் ஊழியரோடு ஒத்துப்போவதற்குத் தனிப் பாடம் இருந்திருக்காது. ஆகையால் சொல்லுகிறேன்.

1. உடன் ஊழியரைத் தெரிந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. வரி வசூலித்த மத்தேயுவையும் செலோத்தே எனப்பட்ட சீமோனையும் ஆண்டவர் ஒரே பந்தியில் உட்கார வைத்தார். திருமண்டலம் யாரை உங்களோடு அனுப்புகிறதோ அவரோடுதான் வேலை. அவரை மாற்றச் சொல்லி பிஷப்புக்குக் கடிதம் எழுதும் முன், அவர் வீட்டுக்குப் போய் ஒரு வேளை சாப்பிட்டு வாருங்கள்.

2. மனத்தாங்கலைப் பேசித் தீர்க்க ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். இதை நான் வங்காளத்துச் செராம்பூர் மிஷனிலிருந்து எடுத்துச் சொல்லுகிறேன். 1800 ஜனவரியில் மிஷனெரி வில்லியம் கேரி அங்கே போய், மூன்று மாதம் முன்னதாக வந்திருந்த உடன் மிஷனெரிமாரான மார்ஷ்மன், வார்டு ஆகியோரோடு சேர்ந்தார். பல குடும்பங்கள் ஒரே வளாகத்தில், ஒரே சாப்பாட்டு மேசையில். முதல் மாதமே விதிகள் வகுத்துக்கொண்டார்கள். பிரசங்கமும் ஜெபமும் முறை வைத்து. வீட்டு நிர்வாகம் மாதத்துக்கு ஒருவர். சொந்த லாபத்துக்கு யாரும் வியாபாரம் செய்யக்கூடாது. சனிக்கிழமை மாலை, அந்த வாரத்தில் வந்த பிணக்குகளைத் தீர்த்து ஒருவரை ஒருவர் நேசிப்போம் என்று உறுதி சொல்வதற்காகவே ஒதுக்கப்பட்டது. வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கேரி வாங்கிய சம்பளம், மார்ஷ்மனும் அவர் மனைவி ஹன்னாவும் நடத்திய பள்ளியின் வருமானம், வார்டின் அச்சுக்கூட வருமானம் எல்லாம் பொதுப் பணத்தில் சேர்ந்தன. 1812 மார்ச் 11 அன்று அச்சுக்கூடம் எரிந்து, கையெழுத்துப் பிரதிகளும் அச்செழுத்துகளும் நாசமாயின. அந்த அடியிலும் மூவரும் பிரியவில்லை. 1823இல் வார்டு இறக்கும்வரை அந்தக் கட்டு அறுபடவில்லை.

அவர்கள் மூவரும் இயல்பிலே சாந்தமானவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பிணக்கு வரும் என்று அறிந்துதான் அதற்கு ஒரு மாலையை ஒதுக்கினார்கள். நீங்களும் ஒதுக்குங்கள். திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின நாள் நல்ல நாள்.

3. காணிக்கையைத் தனியாக எண்ணாதீர்கள். எப்போதும் இரண்டு பேர், இரண்டு கையெழுத்து. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோகப் பவுல் தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனையும் அனுப்பினார். பவுலுக்கே அது தேவையாயிருந்தது.

4. ஊரை அறிந்தவரிடம் முதலில் கேளுங்கள். சேகரத்துக்குப் போன அன்றே உபதேசியாரோடும் கோயில் பிள்ளையோடும் உட்காருங்கள். எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார், எந்த இரண்டு குடும்பம் பேசுவதில்லை, யார் வீட்டுப் பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பட்டம் பெற்ற ஐயர் அவர்களை வேலையாளாக நடத்தினால், அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். சேகரம் உங்களுக்குக் கடைசிவரை தெரியாமலே போகும். அசனத்தில் தனி மேசை போட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பந்தியில் சனத்தோடு உட்காருங்கள்.

5. திருத்த வேண்டியதைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அப்பொல்லோவை அப்படித்தான் திருத்தினார்கள். பெரிய பேச்சாளனாகிய அவனும் கேட்டுக்கொண்டான். பிரசங்க பீடத்திலிருந்து உடன் ஊழியரை மறைமுகமாக அடிப்பது கோழைத்தனம். அதைவிடக் கொடியது ஜெபத்தில் குத்திக் காட்டுவது. "ஆண்டவரே, பெருமையுள்ளவர்களைத் தாழ்த்தும்" என்று பக்கத்தில் இருப்பவரை நினைத்து ஜெபிக்கிற ஜெபம் யாரை நோக்கிப் போகிறது? வாட்ஸ்அப் குழுவிலும் இந்தப் பேச்சு வேண்டாம்.

6. மூத்தவரை மதியுங்கள். ஆனால் இது மூத்தவர்களுக்கும் சேர்த்துச் சொல்லுவது. முன்பு சொன்ன அதே செராம்பூரில், பின்னால் வந்த இளைய மிஷனெரிமார் மூத்தவர்களோடு ஒத்துப்போக முடியாமல் கல்கத்தாவில் தனியே பணி தொடங்கினார்கள். 1827இல் செராம்பூர் மூத்தவர்கள் தங்களை அனுப்பிய சங்கத்தையே விட்டுப் பிரிந்தார்கள். இளையவர்கள் பொறுக்கவில்லை, மூத்தவர்கள் இடம் விடவில்லை. இரண்டு பக்கமும் தவறு என்பதே என் எண்ணம்.

நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவைப் பாருங்கள். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிமாரிடம் நட்பைக் கேட்டுத் துணிந்து பேசியபோது அவருக்கு வயது 35. கேட்டவர்களில் பலருக்கு அது கசந்தது. மதராஸ் பேராயரான ஹென்றி ஒயிட்ஹெட்டோ அவரைக் கைதூக்கிவிட்டார். 1912இல் அசரியா தோர்ணக்கல் பேராயரானார். அந்தியோகியாவில் வேலை பெருகியபோது தர்சுவுக்குப் போய்ச் சவுலைத் தேடி அழைத்து வந்த பர்னபாவைப் போல ஒரு மூத்தவர் கிடைத்தால் நன்றியாயிருங்கள். கிடைக்காவிட்டால், அடுத்து வருகிறவனுக்கு நீங்கள் அப்படி இருங்கள்.

7. தாழ்மை என்ற பேரில் அநியாயத்தை மூடாதீர்கள். இந்த ஒன்றை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். கணக்கில் கள்ளம் நடந்தால், ஒரு பெண்ணுக்கோ பிள்ளைக்கோ தீங்கு நடந்தால், சாதி பார்த்துச் சபையில் ஒருவரை ஒதுக்கினால், "மூத்தவர், நாம் என்ன சொல்வது" என்று ஒதுங்கக்கூடாது. பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகினபோது, பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார். சொந்தக் குறையைத் தனியே பேசலாம். மற்றவரைக் காயப்படுத்தும் பாவத்தை வெளியே சொல்லியே ஆகவேண்டும். சட்டப்படி குற்றமானால் காவல் நிலையத்திலும் சொல்ல வேண்டும். சபையின் பேர் கெடும் என்று பயப்படாதீர்கள். மூடி வைக்கிறதினால்தான் சபையின் பேர் கெடுகிறது.

8. பிரிய நேர்ந்தால் சபையைப் பிளக்காமல் பிரியுங்கள். மாற்குவின் நிமித்தம் பவுலும் பர்னபாவும் கடுமையாகக் கருத்து வேறுபட்டு, இரண்டு வழியாகப் போனார்கள். ஒருவரும் சபையில் கட்சி சேர்க்கவில்லை. கடைசிக் காலத்தில் பவுல் அதே மாற்குவைத்தான் அழைத்துவரச் சொன்னார்.

9. மாற்றல் வந்தால் முழுவதுமாகப் போங்கள். பழைய சேகரத்துக்காரர் கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் உங்களையே கூப்பிடுவார்கள். அன்பாய் மறுத்து, "உங்கள் ஐயரைக் கேளுங்கள்" என்று சொல்லுங்கள். புதிதாக வந்தவரைப் பற்றிக் குறை சொல்ல வருகிறவரிடம் காது கொடுக்காதீர்கள். போகும் முன் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய பதிவேடுகளையும் கணக்குப் புத்தகத்தையும் அன்றைய தேதி வரை எழுதி முடித்து, வருகிறவர் கையில் நேரில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.