விரதமும் வயிற்று நோவும்: போர்பிரியா பற்றி அறிந்துகொள்வோம்



கந்தசஷ்டி ஆறு நாட்களும் நீர் மட்டும் அருந்தி விரதமிருப்போர் நம்மிடையே உள்ளனர். அந்நாட்களில் வயிறு நொந்தால் "வாயு" என்று சொல்லி, சுடுதண்ணீர் குடித்துப் படுத்துவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆயினும் பட்டினியால் தூண்டப்படும் ஒரு பரம்பரை நோயும் உண்டு. அதன் பெயர் போர்பிரியா. நாம் வைத்தியரல்ல, கணக்காளரே. எனினும் அறிந்ததைப் பகிர்வது கடமை எனக் கருதுகிறோம்.

இரத்தத்தின் செந்நிறத்துக்குக் காரணமான பொருள் ஹீம். உடல் இதனை எட்டு நொதியங்களின் உதவியுடன் எட்டுப் படிகளில் ஆக்குகிறது. மூன்றாவது நொதியம் சிலருக்குப் பிறப்பிலிருந்தே அரைப்பங்குதான் வேலை செய்யும். சாதாரண நாட்களில் அதுவே போதும். பட்டினி, மது, கிருமித்தொற்று, மாதவிடாய்க்கால மாற்றம், சில மருந்துகள் ஆகியவற்றால் ஈரலில் முதற்படி வேகமெடுத்தால் மூன்றாம் படி ஈடுகொடுக்காது. இடைப்பொருட்கள் தேங்கி நரம்புகளைத் தாக்கும்.

அறிகுறிகள்:
1. நாட்கணக்கில் நீடிக்கும் கடும் வயிற்று நோ, சத்தி, மலச்சிக்கல்.
2. வேகமான நாடித்துடிப்பு, உயர் இரத்த அழுத்தம்.
3. கைகால் சோர்வு, மனக்குழப்பம், சிலருக்கு வலிப்பு.
4. வெளிச்சத்தில் வைத்தால் சாயத்தண்ணீர் போலக் கறுக்கும் அல்லது சிவக்கும் சிறுநீர்.

இளவயதுப் பெண்களையே இது கூடுதலாகத் தாக்குகிறது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தாலும் படம் எடுத்தாலும் ஒன்றும் தெரியாமற் போகலாம். அதனால் "மனநோய்" என்று ஒதுக்கப்பட்டோரும், வீணாகச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டோரும் உண்டு. காரணம் தெரியாத நோ திரும்பத் திரும்ப வந்தால், "சிறுநீரில் பிபிஜி பார்ப்பீர்களா?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். நோ உள்ள வேளையிலேயே சிறுநீர் எடுத்து, வெளிச்சம் படாமல் மூடிக் கொடுக்க வேண்டும்.

தாக்கம் கடுமையானால் வைத்தியசாலையில் நாளத்தினூடாக குளுக்கோசும் ஹீம் மருந்தும் ஏற்றுவர். அடிக்கடி தாக்கம் வருவோருக்கு, 2020இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற கிவோசிரான் என்ற ஊசிமருந்தும் உண்டு. மூச்சுத் திணறினாலோ கைகால் இயங்காவிட்டாலோ உடனே 113ஐ அழையுங்கள்.

நாம் வாழும் நோர்வேயின் வடக்கே சால்தால் பகுதியில் இந்நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் எந்த இனத்தவருக்கும் இது வரலாம். பேர்கன் ஹவுக்கலாண்ட் வைத்தியசாலையில் இதற்கென நாப்போஸ் என்ற தேசிய நிலையம் இயங்குகிறது. சல்பா மருந்துகள், சில வலிப்பு மருந்துகள், சில கருத்தடை மாத்திரைகள் முதலியன இந்நோயாளருக்கு ஆபத்தானவை. எனவே எந்த மருந்தாயினும் வைத்தியரிடம் நோயைச் சொல்லிய பின்னரே எடுக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. சம்பந்தம் பேசும்போது தடையாகிவிடும் என்று பரம்பரை நோயை மறைப்பது நம் வழக்கம். பெற்றோரில் ஒருவருக்கு இக்குறை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 வீத வாய்ப்புண்டு. ஆனால் குறையுள்ளவர்களில் பெரும்பாலானோர் வாழ்நாளில் ஒருமுறையும் நோயுறுவதில்லை. உடன்பிறந்தோருக்குச் சொன்னால் அவர்கள் இரத்தப் பரிசோதனை செய்து தம்மைக் காத்துக்கொள்வர். மறைத்தால், அடுத்த விரதத்தில் ஒரு தங்கை காரணம் தெரியாமல் துடிப்பாள்.

இந்நோயுள்ளவர் பட்டினி இருக்கலாகாது. வேளைக்கு வேளை மரக்கறிச் சோறுண்டு முருகனை வணங்கட்டும். அதுவும் விரதமே. "ஏன் சாப்பிடுகிறாய்?" என்று கோயிலில் எவரும் அவரைக் கேளாதிருப்போமாக.