கிளிமூக்கு விசிறிவால்: பரிசுக்கு உரிய குஞ்சை எடுப்பது எப்படி?

கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய கிளிமூக்கு விசிறிவால் சேவலைப் பெரும் விலை கொடுத்து வாங்கி, வீட்டில் இருக்கும் பெட்டைகளோடு விட்டுவிட்டால் அடுத்த ஆண்டே பரிசுக் குஞ்சுகள் வந்துவிடும் என்று புதிதாக வருகிறவர்களில் பலர் நம்புகிறார்கள். வந்த குஞ்சுகளில் ஒன்றுக்கு மூக்கு இருக்கும், வால் இராது. இன்னொன்றுக்கு நிறம் இருக்கும், உடற்கட்டு இராது. வாங்கிய சேவல் நல்ல சேவல்தான். அதற்கு ஏற்ற பெட்டையைத் தேடாததுதான் குறை. கண்காட்சித் தரம் என்பது ஜோடி சேர்க்கும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அந்த வேலையை முறையாகச் செய்ய விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இலக்கணத்தை எழுதி வையுங்கள்

அமெரிக்காவில் ஒவ்வொரு இனத்துக்கும் உரிய உடலமைப்பையும் நிறத்தையும் வரையறுத்து 1874-லேயே நூல் அச்சிட்டார்கள். நம் ஊரில் கிளிமூக்கு விசிறிவாலின் இலக்கணம் பெரும்பாலும் வளர்ப்பவர்களின் பேச்சிலும் நடுவர்களின் கண்ணிலும் இருக்கிறது. திண்டுக்கல் போன்ற ஊர்களில் கண்காட்சி நடக்கும்போது மூக்கு, பூ (கொண்டை), கண், கழுத்து, உடற்கட்டு, கால், வால், நிறம் என்று உறுப்பு உறுப்பாகப் பார்த்து மதிப்பிடுகிறார்கள். இரண்டு மூன்று கண்காட்சிகளுக்குச் சேவல் இல்லாமல் வெறுங்கையோடு போய் நின்று கவனியுங்கள். எந்த மூக்கு வளைவை ஏற்கிறார்கள், எந்த வாலைத் தள்ளுகிறார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இனி உங்கள் பண்ணையில் எது தங்கும், எது போகும் என்பதை அந்தப் பக்கம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் உடற்கட்டு, பிறகு நிறம்

புதியவர்கள் நிறத்தில் மயங்குவார்கள். ஆனால் பிடிக்காத நிறத்தை இரண்டு மூன்று தலைமுறையில் மாற்றிவிடலாம். சரிந்த தோள், கூன் முதுகு, ஒடுங்கிய நெஞ்சு, உள்நோக்கி இடிக்கும் கால் ஆகியவற்றைத் திருத்துவதற்குப் பல தலைமுறை ஆகும். ஏனென்றால் நிறத்தை விரல்விட்டு எண்ணக்கூடிய மரபணுக்களே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. உடற்கட்டில் பல மரபணுக்களின் பங்கு சேர்ந்திருக்கிறது. நல்ல கட்டும் சுமாரான நிறமும் உள்ள பெட்டையை வைத்துக்கொள்ளுங்கள். அழகான நிறமும் கோணல் முதுகும் உள்ளதை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிவிடுங்கள்.

குறுக்கு மூக்கு, ஒரு பக்கமாகச் சாய்ந்த வால், வளைந்த விரல் ஆகியவை பரம்பரையாக இறங்கக்கூடிய குறைகள். தீவனக் குறைவாலும் விரல் வளையும், நெஞ்செலும்பு கோணும். ஒரே தாயின் குஞ்சுகளில் மீண்டும் மீண்டும் வந்தால் இரத்தத்தில் இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

ஜோடி சேர்க்கும் விதி

ஒரே குறை இரண்டு பக்கமும் இருக்கக் கூடாது. சேவலுக்கு மூக்கு நீளம் என்றால், குட்டையான, அழுத்தமான வளைவுள்ள மூக்கைப் பெற்ற குடும்பத்திலிருந்து பெட்டை வர வேண்டும். ஒரு குறையை எதிர்க் குறையால் ஈடுகட்டவும் பார்க்காதீர்கள். மிக உயரமான சேவலையும் மிகக் குட்டையான பெட்டையையும் சேர்த்தால் அளவான குஞ்சுகள் மட்டும் வருவதில்லை. அடுத்த தலைமுறையில் இரு கோடியும் கலந்து வரும். குறையுள்ள பறவைக்கு, அந்த உறுப்பு சரியாக அமைந்த துணையைக் கொடுங்கள்.

விசிறிவாலில் ஒரு சிக்கல் உண்டு. வாலின் முழு அழகு சேவலில்தான் தெரியும். பெட்டையின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் அந்த நீண்ட வளைவு இறகுகளை வரவிடாது. ஆனால் வாலுக்கான மரபணுவில் பாதியை அவளும் கொடுக்கிறாள். அதனால் ஒரு பெட்டையின் வால் தரத்தை அவளுடைய தகப்பனிடமும் உடன்பிறந்த சேவல்களிடமும் பாருங்கள். பரிசுச் சேவலை வாங்கப் பணம் இருந்தால், அதன் உடன்பிறந்த வெடைக்கோழிகளில் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

மறைந்திருக்கும் குணங்கள்

கிளிமூக்கு விசிறிவால் போன்ற அசில் வழிக் கோழிக்குத் தலையோடு படிந்த மூன்று வரிசைப் பூ இருக்கும். இந்தக் குணம் நிமிர்ந்த ஒற்றைப் பூவை ஆளும் தன்மையுடையது. தாடி சிறுப்பதும் இதே மரபணுவால்தான். கலப்பில் பிறந்த சேவலிடம் இது ஒரு பங்கு மட்டும் இருந்தாலும் படிந்த பூவே வரும். சற்றுப் பெரிதாகவும் ஒழுங்கு குறைந்தும் இருக்கும். அப்படிப்பட்ட இரு பறவைகளைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குஞ்சுக்கு ஒற்றைப் பூ வரும். சந்தேகம் உள்ள சேவலை ஒற்றைப் பூ நாட்டுக்கோழியோடு விட்டுப் பாருங்கள். எட்டுக் குஞ்சுகளும் படிந்த பூவோடு வந்தால் அது தூய்மையானது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஒன்றுக்கு ஒற்றைப் பூ வந்தாலும் கலப்பு உண்டு.

வெள்ளைக் கால் ஜோடிக்கு மஞ்சள் கால் குஞ்சு பிறந்தாலும் கணக்கு இதேதான். மஞ்சள் ஒடுங்கும் குணம். தாய், தகப்பன் இருவரிடமும் மறைந்திருந்தால்தான் வெளிப்படும். குற்றத்தைச் சேவல் தலையில் மட்டும் போட முடியாது.

நிறக் கணக்கு

காகக் கருப்பிலிருந்து சாம்பல் எடுக்க நினைப்பவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வில்லியம் பேட்சனும் ரெஜினால்ட் பன்னட்டும் அந்தலூசியக் கோழிகளில் இதை விளக்கினார்கள். சாம்பலையும் சாம்பலையும் சேர்த்தால் நான்கில் ஒன்று கருப்பு, இரண்டு சாம்பல், ஒன்று அழுக்கு வெள்ளையில் தெறிப்பு என்ற விகிதத்தில் வரும். கருப்போடு தெறிப்பைச் சேர்த்தால் அத்தனையும் சாம்பல். கண்காட்சிக்கு ஆகாது என்று தெறிப்புக் குஞ்சை விற்றுவிடுகிறவர்கள் சாம்பலுக்கான நேர்வழியைக் கைவிடுகிறார்கள். சாம்பலும் சாம்பலும் சேர்ந்து எப்போதும் சாம்பல் மட்டுமே தந்தால், அது வேறு மரபணு; இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

கழுத்திறகு பொன்னிறமா வெள்ளியா என்பதைத் தீர்மானிக்கும் மரபணு பாலினக் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டை அதைத் தன் மகன்களுக்கு மட்டுமே கொடுக்கிறாள். மகள்களுக்கு அது தகப்பனிடமிருந்து மட்டுமே வருகிறது. வெடைக்கோழிகளின் கழுத்து நிறம் பிடிக்கவில்லை என்றால் தாயை மாற்றிப் பயனில்லை. சேவலைத்தான் மாற்ற வேண்டும்.

முட்டை முதல் பதிவேடு வரை

ஒரு சேவலோடு சேர்ந்த பெட்டையின் உடலில் அதன் விந்து இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும். சேவலை மாற்றிய மறுநாளே எடுத்த முட்டைக்குப் புதிய சேவலைத் தகப்பன் என்று எழுதினால் பதிவேடே பொய்யாகிவிடும். பழைய சேவலைப் பிரித்து மூன்று வாரம் கழித்து எடுக்கும் முட்டைகளையே அடைக்கு வையுங்கள். முட்டை மீது பெட்டையின் எண்ணையும் தேதியையும் பென்சிலால் எழுதுங்கள். குளிர்ந்த இடத்தில் பாதுகாத்து, ஏழு நாட்களுக்குள் அடை வைப்பது நல்லது. 21-ஆம் நாள் பொரிக்கும்போது ஒவ்வொரு தாயின் முட்டைகளும் தனித்தனி வலைப்பைக்குள் இருந்தால் குஞ்சுகள் கலக்காது. பொரித்தவுடன் காலில் வளையம் மாட்டி, வளர வளரப் பெரிய வளையமாக மாற்றுங்கள்.

தகப்பனையும் மகளையும் சேர்த்தாலும், உடன்பிறந்த இரண்டைச் சேர்த்தாலும் 25 சதவீதம் உள்ளினக் கலப்பு உண்டாகும். நல்ல குணங்களை நிலைநிறுத்த இது உதவும். தொடர்ந்தால் கருக்கூடும் முட்டை குறையும், பொரிப்பு குறையும், குஞ்சுகள் நோஞ்சானாகும். இதைத் தவிர்க்க எளிய வழி, பறவைகளை மூன்று குடும்பங்களாகப் பிரித்து மூன்று நிற வளையம் மாட்டுவது. மகள்கள் தாயின் குடும்பத்திலேயே இருக்கட்டும். மகன்கள் ஒவ்வொரு ஆண்டும் அடுத்த குடும்பத்துக்குப் போகட்டும். வெளியிலிருந்து சேவல் வாங்காமலே பல ஆண்டுகள் ஓட்டலாம்.

எப்போது கழிப்பது?

கோணல் மூக்கும் ஊனக் காலும் முதல் சில வாரங்களிலேயே தெரியும். உடற்கட்டை ஐந்தாறு மாதத்தில் ஓரளவு கணிக்கலாம். நிறத்தை முதிர்ந்த இறகு வரும் முன் தீர்மானிக்காதீர்கள். இளம் பறவையின் கண் மங்கலாக இருந்து வயதாக ஆக வெளுக்கும். வால் இரண்டாம் ஆண்டில்தான் முழுமை பெறும். ஆறு மாதப் பட்டாவை (இளஞ்சேவலை) வால் சிறிது என்று விற்றுவிட்டு, ஒன்றரை வயதில் வேறு வீட்டில் அதைப் பார்த்து வருந்துகிறவர்கள் பலர்.

இறகின் பராமரிப்பு

இறகில் பத்தில் ஒன்பது பங்கு புரதம். உதிர்ந்து முளைக்கும் காலத்தில் வெறும் கம்பும் சோளமும் போதாது. கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், அவித்த முட்டை சேர்த்துக் கொடுங்கள். அந்தச் சமயத்தில் பட்டினியோ நோயோ வந்தால் இறகில் குறுக்குக் கோடு விழும். ஒடிந்த வாலிறகு அடுத்த உதிர்வு வரை மீண்டும் முளைக்காது. தாங்குகட்டை, வால் தரையில் உரசாத உயரத்தில் இருக்கட்டும். கனத்த சேவல் குதித்தால் பாதம் அடிபடாமல் இருக்கக் கீழே உமி பரப்புங்கள். வெள்ளிறகுப் பறவைகளை உச்சிவெயிலில் விடாதீர்கள், மஞ்சள் ஏறும். அம்மைத் தழும்பு முகத்தையும் பூவையும் கெடுத்துவிடும். வெள்ளைக் கழிச்சலுக்கும் அம்மைக்கும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு உரிய வயதில் தடுப்பூசி போடுங்கள். கண்காட்சியிலிருந்து திரும்பிய பறவையை மூன்று நான்கு வாரம் தனியே வையுங்கள்.

மூக்கைத் தேய்த்து வளைவு காட்டுவதையும் வாலில் வேறு இறகை ஒட்டுவதையும் செய்யாதீர்கள். தீவனம் கொத்த முடியாத அளவு வளைந்த மூக்குக்கு யார் பரிசு கொடுத்தாலும், அதை இனப்பெருக்கத்துக்கு எடுக்காதீர்கள். விற்கும்போது பறவையோடு அதன் தாய் தகப்பன் பதிவையும் கொடுங்கள். வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வளர்ப்பாளரும் இதைச் செய்தாலே இந்த இனத்தின் தரம் தானாக உயரும்.