பழைய தொழில்முறை மல்யுத்த நினைவுப் பொருள்களைச் சேகரிக்கும் முறை

வெற்றி தோல்வியை முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு பார்வையாளருக்காக நிகழ்த்தப்படும் தொழில்முறை மல்யுத்தம், அமெரிக்காவில் நூறாண்டுக்கும் மேலாக அஞ்சலட்டை, சுவரொட்டி, நிகழ்ச்சி மலர், பொம்மை என ஏராளமான பொருள்களை விட்டுச் சென்றிருப்பதால், சேகரிப்பில் இறங்குபவர் முதலில் ஒரு காலத்தையும் ஒரு வகையையும் வரையறுத்துக்கொள்வது நல்லது. 1982இல் வெளிவந்த 'ரெஸ்லிங் ஆல் ஸ்டார்ஸ்' அட்டைகள் அதற்கேற்ற தொடக்கமாகும். ஏ, பி என்னும் இரு தொகுதிகளிலும் தலா 36 அட்டைகளே இருப்பதோடு, ஏ தொகுதியின் முதல் அட்டையில் ஆந்த்ரே தி ஜெயன்ட்டும் இரண்டாவதில் ஹல்க் ஹோகனும் இடம்பெற்றுள்ளனர்.

அடுத்த படி, பொருளின் காலத்தைச் சரிபார்ப்பதாகும். 1963இல் டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்று தொடங்கிய மல்யுத்த நிறுவனம் 1979இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். ஆகவும், 2002இல் டபிள்யூ.டபிள்யூ.இ. ஆகவும் பெயர் மாறியதால், 1975ஆம் ஆண்டினது என்று விற்கப்படும் சுவரொட்டியில் மூன்றெழுத்துப் பெயர் காணப்பட்டால் அதை ஐயமின்றி ஒதுக்கிவிடலாம். நிகழ்ச்சி மலர்களில் காலத்தை உறுதிசெய்வது பெரும்பாலும் உள்ளே செருகப்பட்ட தனித்தாளே. அன்றிரவு மோதியவர்களின் வரிசை அதில்தான் அச்சிடப்பட்டது என்பதாலும், பார்வையாளர் பலர் அதைத் தொலைத்துவிட்டனர் என்பதாலும், தாளோடு கூடிய மலருக்குக் கூடுதல் விலை கொடுப்பது தகும்.

கையொப்பத்தை ஆராய்கையில் எழுத்தின் வடிவத்துக்கு முன்பே மையைக் கவனிக்க வேண்டும். மல்யுத்த வீரர் கார்ஜஸ் ஜார்ஜ் 1963 டிசம்பரில் மறைந்தார்; ஷார்ப்பி என்னும் அழியா மைப்பேனா சந்தைக்கு வந்ததோ 1964இல்; ஆகவே அப்பேனாவால் இடப்பட்ட அவரது கையொப்பம் எவ்வளவு நேர்த்தியாக இருப்பினும் உண்மையானதாக இருக்க முடியாது.

அச்சை ஆராயப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். மூல அச்சில் படம் நுண்புள்ளிகளால் ஆனதாக இருந்தாலும், கறுப்பு எழுத்துகள் பொதுவாகப் புள்ளியற்ற முழு மையாலும் கூரிய விளிம்போடும் அமைந்திருக்கும். அசலை வருடி மறு அச்சிட்ட போலியிலோ எழுத்தின் விளிம்பும் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். ஒவ்வொரு சேகரிப்பாளரும் முதலில் பழகிக்கொள்ள வேண்டிய சோதனை இதுவே.

1984 முதல் 1989 வரை எல்.ஜே.என். நிறுவனம் வெளியிட்ட ரப்பர் பொம்மைகளில் மூக்கு, புருவம், காலணி முனை ஆகியவற்றின் வண்ணமே முதலில் தேய்வதால், உடலெங்கும் உராய்வு இருக்க அவ்விடங்கள் மட்டும் பளபளத்தால் பின்னாளில் வண்ணம் பூசப்பட்டது என்று கொள்ளலாம்.

இறுதியாக, தாள் பொருள்களைப் பாதுகாக்க மலிவான பி.வி.சி. உறைகளைத் தவிர்ப்பது இன்றியமையாதது. அந்த நெகிழியை மென்மையாக்கச் சேர்க்கப்படும் வேதிப்பொருள் நாளடைவில் கசிந்து அச்சைப் பிடித்துக்கொள்கிறது. பாலிப்ரொப்பிலீன் அல்லது மைலார் உறையில் இட்டு, அமிலமற்ற அட்டையைப் பின்னால் வைத்து, வெயிலும் ஈரப்பதமும் படாத அலமாரியில் வைக்க வேண்டும். மலரின் கம்பித் தையலில் துரு தென்பட்டால், கம்பியை இழுத்துப் பிடுங்காமல், உட்புறத்தில் அதன் இரு முனைகளையும் மெல்ல நிமிர்த்தி, பிறகு வெளிப்புறமாக எடுக்க வேண்டும்.