தண்ணீர் ரிப்போர்ட்டும் கரைதிறன் பெருக்கமும்: எக்ஸெல்லில் ஒரு பயிற்சி

பிளஸ் டூ வேதியியலில் அயனிச் சமநிலை பாடத்தில் கரைதிறன் பெருக்கக் கணக்கு வருகிறது. ஃபார்முலா மனப்பாடமாகத் தெரிந்தவர்களுக்கும் சில சமயம் விடை தவறிவிடும். காரணம் பெரும்பாலும் அலகுதான். கையேடுகள் 100 மி.லி. தண்ணீரில் எத்தனை கிராம் கரையும் என்று சொல்கின்றன. தண்ணீர் பரிசோதனை ரிப்போர்ட்டில் லிட்டருக்கு மில்லிகிராம் என்று இருக்கும். கணக்குக்கோ லிட்டருக்கு எத்தனை மோல் என்பது வேண்டும். இந்த மாற்றத்தை ஒரு எக்ஸெல் ஷீட்டில் போட்டு வைத்துக்கொண்டால் பாடமும் புரியும், வீட்டு போர்வெல் தண்ணீரைப் பற்றியும் ஒரு விஷயம் தெரியவரும்.

எந்த உப்பை எடுத்துக்கொள்வது?

செஞ்சிக் கோட்டைக்குப் போனவர்கள் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி குன்றுகளில் குவிந்து கிடக்கும் பாறைகளை மறக்கமாட்டார்கள். தமிழகத்தின் பெரும்பகுதியில் நிலத்துக்கு அடியில் இருப்பதும் இப்படிப்பட்ட கடினப் பாறைதான். இத்தகைய பாறைகளில் ஃபுளூரைடு கலந்த கனிமங்கள் இருக்கக்கூடும். அவற்றில் ஒன்று ஃபுளூரைட். வேதியியலில் அதன் பெயர் கால்சியம் ஃபுளூரைடு. பாறை இடுக்குகளில் நிற்கும் தண்ணீரில் இது சிறிது சிறிதாகக் கரைகிறது. ஃபுளூரைடு அளவுக்கு மிஞ்சினால் பற்களில் கறை படியும், எலும்புகளும் பாதிக்கப்படும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தப் பிரச்சினைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. எனவே நம் பயிற்சிக்குக் கால்சியம் ஃபுளூரைடையே எடுத்துக்கொள்வோம்.

ஷீட்டைத் தயார் செய்தல்

புதிய ஷீட் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் செய்யலாம். ஏ காலத்தில் விவரத்தையும் பி காலத்தில் எண்ணையும் அமையுங்கள். இங்கே ‘பி’ என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் நீங்கள் ஆங்கில எழுத்தை டைப் செய்ய வேண்டும்.

1. பி1 செல்லில் 0.0016 என்று கொடுங்கள். 100 மி.லி. தண்ணீரில் கரையும் கிராம் இது.

2. பி2-ல் =பி1*10 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். லிட்டருக்கு 0.016 கிராம் என்று வரும்.

3. பி3-ல் மோலார் நிறை: =40.08+2*19. விடை 78.08.

4. பி4-ல் =பி2/பி3. இதுதான் மோலார் கரைதிறன். லிட்டருக்கு 0.000205 மோல்.

5. பி5-ல் =4*பி4^3. இதுதான் கரைதிறன் பெருக்கம். விடை 3.44 × 10⁻¹¹. கையேடுகளில் 25 டிகிரி செல்சியஸில் 3.45 × 10⁻¹¹ என்று காணப்படும் எண்ணுக்கு மிக அருகில் இருக்கிறது.

விடை 0.00 என்று தெரிகிறதா? பயப்பட வேண்டாம். செல்லைத் தேர்வு செய்து கண்ட்ரோல் கீயுடன் 1-ஐ அழுத்துங்கள். ஃபார்மேட் செல்ஸ் விண்டோவில் சயின்டிஃபிக் என்பதைத் தேர்ந்தெடுத்தால் எண் முழுமையாகத் தெரியும்.

4 எங்கிருந்து வந்தது?

கால்சியம் ஃபுளூரைடு ஒரு மோல் கரைந்தால் ஒரு மோல் கால்சியம் அயனியும் இரண்டு மோல் ஃபுளூரைடு அயனியும் கிடைக்கும். கரைதிறனை ‘க’ என்று வைத்தால் கால்சியம் க, ஃபுளூரைடு 2க. ஃபுளூரைடின் செறிவை வர்க்கப்படுத்த வேண்டும். ஆக, க × (2க)² = 4க³. சில்வர் குளோரைடு போல ஒன்றுக்கு ஒன்று என்று பிரியும் உப்பாக இருந்தால் க² மட்டும் போதும். உப்பு மாறினால் பி5-ல் உள்ள ஃபார்முலாவையும் மாற்ற மறக்காதீர்கள்.

நான்காவது படியை விட்டுவிட்டு கிராமையே நேராகப் போட்டால் என்ன ஆகும்? =4*பி2^3 என்று ஒரு காலி செல்லில் கொடுத்துப் பாருங்கள். 1.64 × 10⁻⁵ வரும். சரியான விடையைவிட ஏறக்குறைய 4 லட்சத்து 76 ஆயிரம் மடங்கு அதிகம்! 78.08-ஐ மூன்று முறை பெருக்கினால் வரும் எண்தான் அது. அலகில் செய்யும் சின்னத் தவறு மும்மடிக்குள் போனதும் இப்படிப் பூதாகரமாகிவிடுகிறது.

ரிப்போர்ட்டுடன் ஒப்பிடுவோம்

இப்போது மோலிலிருந்து மில்லிகிராமுக்குத் திரும்புவோம். பி6-ல் =2*பி4*19*1000 என்று கொடுங்கள். லிட்டருக்கு 7.79 மி.கி. ஃபுளூரைடு என்று வரும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி ஏற்கத்தக்க அளவு 1 மி.கி. வேறு தண்ணீர் கிடைக்காத நிலையில் 1.5 வரை அனுமதி. ‘கரையாத உப்பு’ என்று நாம் ஒதுக்கும் பொருளே வரம்பைப் பல மடங்கு தாண்டவைக்கக்கூடும்.

ஆனால் நிலத்தடி நீரில் வேறு வழிகளிலும் கால்சியம் சேர்ந்திருக்கும். ரிப்போர்ட்டில் உள்ள கால்சியம் அளவை பி7-ல் கொடுங்கள். உதாரணத்துக்கு 75. பி8-ல் =பி7/40.08/1000. பி9-ல் =(பி5/பி8)^0.5*19*1000. அடைப்புக்குறியை விட்டுவிட்டால் விடை தவறாகிவிடும், கவனம்.

கால்சியம் 10 மி.கி. என்றால், கரைந்து நிற்கக்கூடிய ஃபுளூரைடு 7.06 மி.கி. கால்சியம் 75 என்றால் 2.58. கால்சியம் 200 என்றால் 1.58. பாடத்தில் படிக்கும் பொது அயனி விளைவு இதுதான். கால்சியம் குறைந்த தண்ணீரில் அதிக ஃபுளூரைடு தங்க இடமுண்டு. சோப்பு நன்றாக நுரைக்கிறது, குடிக்க இனிப்பாக இருக்கிறது என்பதற்காக ஒரு தண்ணீரை நல்லது என்று முடிவு கட்ட முடியாது. ஃபுளூரைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ஒரு எச்சரிக்கை: சில ரிப்போர்ட்டுகளில் கால்சியத்தை ‘கால்சியம் கார்பனேட்டாக’ என்று குறித்திருப்பார்கள். அப்படியானால் அந்த எண்ணை 0.4-ஆல் பெருக்கிய பிறகே பி7-ல் போடவேண்டும்.

நினைவில் வைக்க

இந்த ஷீட் காட்டுவது மேல்வரம்பை மட்டுமே. மற்ற உப்புகளும் கலந்திருப்பதால் நிஜத்தில் எண் சற்று மாறும். உங்கள் கிணற்றில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் விசாரியுங்கள். அளவு அதிகம் என்று தெரிந்தால் காய்ச்சிக் குடிப்பதில் பயனில்லை. தண்ணீர் ஆவியாகப் போகும், ஃபுளூரைடு அப்படியே தங்கும். ஆர்.ஓ. கருவியோ, ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டியோதான் உதவும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கரைதிறன் பெருக்க மதிப்பு புத்தகத்துக்குப் புத்தகம் மாறுபடும். தேர்வில் கேள்வியில் கொடுத்த எண்ணையே பயன்படுத்துங்கள். கணக்கைத் தொடங்கும் முன் அலகை மோலுக்கு மாற்றி, அதை விடைத்தாளில் தனி வரியாக எழுதிக் காட்டுங்கள்.